லிஸ்ப்ல லிஸ்டுக்குள்ள வேரியபிள் போட்டா பேரு நிக்குது, மதிப்பு ஏன் வரமாட்டேங்குது?

ஆட்டோகேட்ல லிஸ்ப் (ப்ரோக்ராம் மொழி, ஆட்டோகேடுக்குள்ள ஓடுற வகைக்குப் பேரு ஆட்டோலிஸ்ப்) எழுத ஆரம்பிக்கிற பசங்க கிட்டத்தட்ட எல்லாருமே வந்து முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. வேரியபிளுக்கு மதிப்பு குடுத்தாச்சு, அதை வச்சு ஒரு புள்ளி பண்ணலாம்னு லிஸ்டுக்குள்ள போட்டாச்சு, ஆனா கோடு விழமாட்டேங்குது. நம்ம டெல்டா பக்கம் வாய்க்கால் சர்வே எடுத்து எல்.எஸ். (நெடுக்குவெட்டு), சி.எஸ். (குறுக்குவெட்டு) வரையுற ஆபீஸ்கள்ல இது அடிக்கடி நடக்குது, ஏன்னா இங்க வரையுறதுல பாதி ஒரே மாதிரி குறுக்குவெட்டுதான், அகலமும் ஆழமும்தான் மாறும், அதை கையால திரும்பத் திரும்ப வரையுறதுக்குப் பதிலா ஒரு லிஸ்ப் எழுதிடலாம்னு யாருக்கும் தோணும். மேட்டூர் ஜூன் 12ல திறக்குறது வழக்கம், அதுக்குள்ள தூர்வாரி முடிக்கணும், தூர்வாருறதுக்கு முன்னாடி ஒரு லெவல், பின்னாடி ஒரு லெவல்னு எடுத்து ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் காட்டணும், அதனால கோடைக்காலத்துல இந்த வேலை குவிஞ்சிடும்.

இங்க உதாரணம் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், படிக்க சுலபமா இருக்கும்னு. ஸ்க்ரீன்ல அடிக்கிறப்ப கட்டளைகளை வழக்கம்போல ஆங்கில எழுத்துல அடிச்சுக்கோங்க.

புதுசா வந்த தம்பி ஒருத்தர் கேட்டது இது: "அண்ணே, அகலம் 6, ஆழம் 1.5ன்னு செட்க்யூ பண்ணிட்டேன், புள்ளியும் பண்ணிட்டேன், ஆனா உள்ள பாத்தா அகலம் ஆழம்னு பேருதான் இருக்கு, நம்பரை எங்க காணோம்?" அவர் அடிச்சிருந்தது இதான் (செட்க்யூன்னா ஒரு பேருக்கு மதிப்பு வைக்கிறது):

(செட்க்யூ அகலம் 6.0 ஆழம் 1.5)
(செட்க்யூ புள்ளி '(அகலம் ஆழம்))

கமாண்ட் லைன்ல ஆச்சரியக்குறி போட்டு !புள்ளி அப்படின்னு அடிச்சா (அகலம் ஆழம்) அப்படின்னு வருது, (6.0 1.5) வரலை. சரி, முதல் எலிமெண்டை எடுத்து 1 கூட்டிப் பாக்கலாம்னு (+ 1 (கார் புள்ளி)) அடிச்சா ஆர்க்யுமெண்ட் டைப் தப்பு, நம்பர் வேணும், நீ குடுத்தது அகலம், அப்படின்னு எரர் வருது. அந்த எரர்லயே முழு விஷயமும் இருக்கு. நம்பர் கேட்ட இடத்துல ஒரு பேரு வந்து நிக்குது, அந்தப் பேருக்கு 6.0ங்கிற மதிப்பு இருக்குங்கிறது வேற விஷயம், லிஸ்ட்ல போய் உக்காந்தது பேருதான்.

பைத்தான்ல இருந்து வர்றவங்களுக்கு இது இன்னும் கூடுதலா குழப்பும். அங்க சதுர அடைப்புக்குள்ள ரெண்டு வேரியபிள் பேரை எழுதினா மதிப்புதான் உள்ள போகும், அதனால லிஸ்ப்ல அதே வேலையை சிங்கிள் க்வோட்டும் வளைவு அடைப்பும் செய்யும்னு நெனச்சுக்கிறாங்க. அந்த நெனப்புதான் பிரச்சனையோட வேரு. சிங்கிள் க்வோட் லிஸ்ட் பண்ற கருவியே கிடையாது. அது செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணு: எனக்குப் பின்னாடி இருக்கிறதை கணக்குப் போடாதே, எழுதினபடியே குடு. அவ்ளோதான்.

அப்ப லிஸ்டை யாரு பண்ணினது? ரீடர். நீங்க அடிச்ச எழுத்தை லிஸ்ப் முதல்ல படிக்கும், அடைப்புக்குறியைப் பாத்த உடனேயே அதை லிஸ்டா ஆக்கிடும், அந்த நேரத்துல எந்த வேரியபிளோட மதிப்பும் அதுக்குத் தேவையில்லை, அகலம்ங்கிறது அதுக்கு வெறும் ஒரு சிம்பல். அப்புறம்தான் ரெண்டாவது கட்டம், இவால். படிச்சு வச்ச லிஸ்டை எடுத்து, முதல்ல இருக்கிறது ஃபங்ஷன், மீதி இருக்கிறதெல்லாம் அதுக்குக் குடுக்க வேண்டியது, ஒவ்வொண்ணோட மதிப்பையும் கண்டுபிடி, அப்புறம் ஃபங்ஷனைக் கூப்பிடு. இந்த ரெண்டாவது கட்டத்தைத்தான் க்வோட் நிறுத்தி வைக்குது. அதனால முதல் கட்டத்துல படிச்சது அப்படியே, பேரும் சிம்பலுமா, உங்க கைக்கு வருது.

க்வோட்டே இல்லாம (6.0 1.5) அப்படின்னு மட்டும் அடிச்சுப் பாருங்க, ஃபங்ஷன் சரியில்லை, 6.0 அப்படின்னு திட்டும். 6.0ங்கிறதை ஒரு ஃபங்ஷன் பேரா எடுத்துக்கிட்டு கூப்பிடப் பாக்குது. லிஸ்ப்ல ப்ரோக்ராமும் லிஸ்ட்தான், டேட்டாவும் லிஸ்ட்தான், ரெண்டுக்கும் வெளித்தோற்றத்துல வித்தியாசம் கிடையாது, அதனால "இது டேட்டா, ஓட்டாதே"ன்னு சொல்ல ஒரு அடையாளம் வேணும். ஜான் மெக்கார்த்தி 1958ல எம்.ஐ.டி.ல லிஸ்ப் வேலையை ஆரம்பிச்சு, 1960ல அதைப் பத்தின கட்டுரையை வெளியிட்டப்பவே க்வோட் அதுல இருக்கு. அந்தக் கட்டுரைல இருந்த இவால் ஃபங்ஷனை ஐ.பி.எம். 704 மெஷின்ல கையால எழுதி ஓடவிட்டவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அன்னைக்கு க்வோட்ங்கிற முழு வார்த்தையை அடைப்புக்குள்ள எழுதணும், இப்ப நாம போடுற ஒத்தைக் குறி அதோட சுருக்கம்தான். '(அகலம் ஆழம்) அப்படின்னு எழுதினாலும் (க்வோட் (அகலம் ஆழம்)) அப்படின்னு எழுதினாலும் ரீடருக்கு ஒண்ணுதான். ரெண்டாவது மாதிரி எழுதிப் பாத்தா மதிப்பு ஏன் வரலைங்கிறது கண்ணுக்கே தெரியும், எல்லாமே க்வோட்டோட வயித்துக்குள்ள இருக்கு.

கல்யாண சமையல்காரர் மளிகைச் சீட்டுல "அரிசி, வர்ற ஆளுக்குத் தக்க"ன்னு எழுதிக் குடுத்தா கடைக்காரர் என்ன எடை போடுவாரு? அந்த மாதிரிதான் '(அகலம் ஆழம்). சீட்டு சீட்டாதான் இருக்கு, அளவு இன்னும் விழலை.

மதிப்பு வேணும்னா லிஸ்ட்ங்கிற ஃபங்ஷனைக் கூப்பிடணும்.

(செட்க்யூ புள்ளி (லிஸ்ட் அகலம் ஆழம்))

இது சாதாரண ஃபங்ஷன், கூட்டல் மாதிரி, தனக்குக் குடுத்த எல்லாத்தோட மதிப்பும் கைக்கு வந்தப்புறம் அதையெல்லாம் கோத்து ஒரு புது லிஸ்ட் பண்ணித் தரும். இப்ப !புள்ளி அடிச்சா (6.0 1.5). தம்பி கேட்ட கேள்விக்கு பதில் இங்கயே முடிஞ்சிடுச்சு, ஆனா உண்மையான வேலைல இறங்குனா இதுக்கு மேலதான் நிறைய இருக்கு.

ஒரு வாய்க்கால் குறுக்குவெட்டையே எடுத்துக்குவோம். அடி அகலம் 6 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், கரை ஒரு மீட்டர் உயர்ந்தா ஒன்றரை மீட்டர் வெளிய விரியுற சரிவு. நாலு புள்ளி வேணும். டிஃபன்ங்கிறது புதுசா ஒரு ஃபங்ஷன் எழுதுறது.

(டிஃபன் குறுக்கு (அகலம் ஆழம் சரிவு / விரிவு)
  (செட்க்யூ விரிவு (* சரிவு ஆழம்))
  (லிஸ்ட் (லிஸ்ட் (- விரிவு) ஆழம்)
          '(0.0 0.0)
          (லிஸ்ட் அகலம் 0.0)
          (லிஸ்ட் (+ அகலம் விரிவு) ஆழம்)))

(குறுக்கு 6.0 1.5 1.5) அப்படின்னு கூப்பிட்டா ((-2.25 1.5) (0.0 0.0) (6.0 0.0) (8.25 1.5)) வரும், மேல் அகலம் 10.5 மீட்டர், கையால போட்டுப் பாத்தாலும் அதான். இதுல கவனிக்க வேண்டியது ரெண்டாவது புள்ளி. அதுக்கு மட்டும் க்வோட் போட்டிருக்கேன், ஏன்னா அதுல மாறுற சரக்கு எதுவும் இல்லை, பூஜ்யம் எப்பவும் பூஜ்யம்தான். மத்த மூணுலயும் வேரியபிள் இருக்கு, அதனால லிஸ்ட். ஒரே பெரிய லிஸ்டுக்குள்ள ரெண்டும் கலந்து வரலாம், அதுல தப்பே இல்லை, ஆனா வெளிய இருக்கிறது கண்டிப்பா லிஸ்ட் ஃபங்ஷனா இருக்கணும். வெளிய ஒரு க்வோட்டைப் போட்டுட்டு உள்ள (லிஸ்ட் அகலம் 0.0) எழுதினா அது ஓடாது, லிஸ்ட், அகலம், 0.0ன்னு மூணு பொருள் இருக்கிற ஒரு லிஸ்டா அப்படியே நிக்கும். க்வோட் தனக்குள்ள இருக்கிற எல்லா ஆழத்துக்கும் போகும், பாதி வழில நின்னுக்காது.

இதே ஃபங்ஷனை முழுக்க க்வோட் வச்சு எழுதி, வெளிய வந்தப்புறம் மதிப்பு பாத்துக்கலாம்னு நெனச்சா இன்னொரு ஆபத்து இருக்கு. விரிவுங்கிறது அந்த ஃபங்ஷனோட உள் வேரியபிள், டிஃபன் வரில இருக்கிற / குறிக்கு அந்தப் பக்கம் அறிவிச்சது, ஃபங்ஷன் முடிஞ்ச உடனே அது போயிடும். பேரு மட்டும் லிஸ்ட்ல வெளிய வந்திருக்கும், அந்தப் பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்காது, நில் தான், லிஸ்ப்ல ஒண்ணுமில்லைங்கிறதுக்கு அதான் பேரு. நம்பர் வேணும், வந்தது நில், அப்படிங்கிற அந்த ரொம்பப் பழகின எரருக்கு இதுவும் ஒரு காரணம்.

மதிப்பு எந்த நேரத்துல உள்ள போகுதுங்கிறதும் முக்கியம். (லிஸ்ட் அகலம் ஆழம்) ஓடுற அந்த நொடில அகலம் என்னவோ அதுதான் லிஸ்ட்ல. அப்புறம் அடுத்த செயினேஜுக்கு (வாய்க்கால் நெடுக அளந்த அடுத்த தூரத்துக்கு) போய் அகலத்தை 8.0ன்னு மாத்தினாலும் பழைய புள்ளில 6.0தான் இருக்கும், லிஸ்டுக்கும் வேரியபிளுக்கும் நடுவுல எந்தக் கயிறும் கிடையாது. எக்ஸெல்ல ஒரு செல்லை மாத்தினா அதை நம்பி இருக்கிற எல்லாம் மாறுமே, அந்தப் பழக்கத்துல இருக்கிறவங்க இதை எதிர்பாக்க மாட்டாங்க. ஒவ்வொரு செயினேஜுக்கும் புதுசா கணக்காகணும்னா மேல எழுதின மாதிரி ஃபங்ஷனா வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் கூப்பிடணும். தூர்வாரல் மாதிரி வேலைல முன்னாடி இருந்த படுகை, பின்னாடி இருக்கிற படுகைன்னு ரெண்டு லிஸ்ட் கைல இருக்கும், முன்னாடி போட்டது மாறாம நிக்குதுங்கிறது அங்க நமக்கு நல்லதுதான், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பரப்பை வச்சுத்தான் எவ்வளவு மண்ணு எடுத்தாங்கங்கிற கணக்கே வருது.

இப்ப ஆட்டோகேட்ல ரொம்பப் பேரை அலைக்கழிக்கிற இடத்துக்கு வர்றேன், புள்ளி ஜோடி, அதாவது நடுவுல ஒரு புள்ளிக்குறி போட்டு எழுதுற ரெண்டு பொருள். என்ட்மேக் வச்சு நேரடியா ஒரு பொருளை உருவாக்குறப்ப டி.எக்ஸ்.எஃப். க்ரூப் நம்பர்களோட (எது என்ன விவரம்னு சொல்ற ஆட்டோகேட் குறியீட்டு எண்) ஒரு லிஸ்ட் குடுக்கணும். 0ன்னா என்ன பொருள், 8ன்னா லேயர், 10ன்னா தொடக்கப் புள்ளி இல்லைன்னா மையம், 11ன்னா கோட்டோட மறு முனை, 40ன்னா வட்டத்துக்கு ஆரம், டெக்ஸ்டுக்கு எழுத்து உயரம், 1ன்னா டெக்ஸ்ட்ல இருக்கிற வாசகம். உதவிப் பக்கத்துல இருக்கிற உதாரணங்கள்ல நேரடி நம்பர் போட்டு முழுக்க க்வோட்ல எழுதியிருப்பாங்க, அதைப் பாத்துட்டு நாம இப்படி எழுதுவோம்:

(என்ட்மேக் '((0 . "லைன்") (8 . லேயர்பேரு) (10 . தொடக்கம்) (11 . முடிவு)))

ஓடாது. டி.எக்ஸ்.எஃப். க்ரூப் சரியில்லைன்னு வரும், பக்கத்துலயே எந்த ஜோடில தடுக்குதுன்னும் காட்டும், அதுல நம்ம வேரியபிளோட பேரு அப்படியே தெரியும். சரியானது:

(என்ட்மேக்
  (லிஸ்ட் '(0 . "லைன்")
          (கான்ஸ் 8 லேயர்பேரு)
          (கான்ஸ் 10 தொடக்கம்)
          (கான்ஸ் 11 முடிவு)))

கான்ஸ் ரெண்டு பொருளை வாங்கி ஒரு ஜோடி பண்ணும், ரெண்டோட மதிப்பையும் பாத்துட்டுத்தான் பண்ணும். முதல் ஜோடில வேரியபிள் இல்லை, அதனால அது க்வோட்லயே இருக்கட்டும். இங்க ஒருத்தர் "லிஸ்ட்னுதானே வெளிய போட்டிருக்கேன்"னு சொல்லி உள்ள '(8 . லேயர்பேரு)ன்னு விட்டுடுவாரு, அதுவும் அதே தப்புதான், வெளிய லிஸ்ட் இருந்தாலும் அந்த ஒரு ஜோடிக்கு க்வோட் காவல் நிக்குது.

இன்னொரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். உயரம் 0.25ன்னு வைங்க, (லிஸ்ட் 40 உயரம்) எழுதினா என்ன? 40ம் 0.25ம் உள்ள இருக்கே? இருக்கு, ஆனா அது (40 0.25), நமக்கு வேண்டியது (40 . 0.25). ஒவ்வொரு கான்ஸுக்கும் ரெண்டு கை, இடது கைல ஒரு பொருள், வலது கைல இன்னொண்ணு. லிஸ்ட்ங்கிறது வலது கை அடுத்த கான்ஸைப் பிடிச்சுக்கிட்டே போய் கடைசில நில்லைப் பிடிக்கிறது. (40 . 0.25)ல வலது கை நேரா 0.25ஐப் பிடிச்சிருக்கு, (40 0.25)ல இன்னொரு கான்ஸைப் பிடிச்சு, அது 0.25ஐப் பிடிச்சிருக்கு. ஆட்டோகேட் வலது கைல நம்பரை எதிர்பாக்குது, கிடைக்கிறது லிஸ்ட்.

சரி, அப்ப 10க்கு? (கான்ஸ் 10 தொடக்கம்)ல தொடக்கமே ஒரு லிஸ்ட், (6.0 0.0 0.0)ன்னு வச்சுக்குவோம். வலது கை ஒரு லிஸ்டைப் பிடிச்சா முழுசும் ஒரே லிஸ்டா ஆயிடும், அதனால (10 6.0 0.0 0.0)ன்னு தெரியும், நடுவுல இருந்த புள்ளிக்குறி காணாமப் போயிடும். என்ட்கெட் போட்டு ஒரு பொருளோட லிஸ்டைப் பாக்குறப்ப 8, 40 ஜோடிகளுக்குள்ள புள்ளிக்குறி இருக்கு, 10க்கு மட்டும் இல்லையேன்னு நிறைய பேர் குழம்புறது இதனாலதான். (10 . (6.0 0.0 0.0))ன்னு எழுதினாலும் (10 6.0 0.0 0.0)ன்னு எழுதினாலும் மெமரில ஒரே சரக்கு. ஆனா (லிஸ்ட் 10 தொடக்கம்) போட்டா (10 (6.0 0.0 0.0)) ஆயிடும், ஒரு அடைப்பு கூடுதல், அது வேலைக்கு ஆகாது. ஆக ரெண்டு இடத்துலயும் கான்ஸ்தான் சரி, அது ஜோடியா தெரியுதா லிஸ்டா தெரியுதாங்கிறது வலது கைல என்ன வந்ததுங்கிறதைப் பொறுத்தது. இதை ஒரு தடவை பேப்பர்ல கட்டம் போட்டு அம்புக்குறி வரைஞ்சு பாக்கச் சொல்லுவேன், அப்புறம் மறக்காது. கார் (இடது கை), கட்டர் (வலது கை)ங்கிற பேரெல்லாம் அந்த ஐ.பி.எம். 704ல ஒரே மெமரி வார்த்தைல இருந்த அட்ரஸ் பகுதி, டிக்ரிமெண்ட் பகுதிங்கிற ரெண்டு பாகத்துல இருந்து வந்ததுதான், அந்த மெஷின் போய் எத்தனையோ காலம் ஆச்சு, பேரு நிக்குது.

நாலு புள்ளி குறுக்குவெட்டை பாலிலைனா போடணும்னா எல்லாம் சேந்து வரும் (புள்ளிகள்ங்கிறது குறுக்கு ஃபங்ஷன் தந்த லிஸ்ட்):

(என்ட்மேக்
  (அப்பெண்ட்
    (லிஸ்ட் '(0 . "எல்டபிள்யூபாலிலைன்")
            '(100 . "ஏசிடிபிஎன்டிட்டி")
            '(100 . "ஏசிடிபிபாலிலைன்")
            (கான்ஸ் 90 (லெங்த் புள்ளிகள்))
            '(70 . 0))
    (மேப்கார் '(லாம்டா (பு) (கான்ஸ் 10 பு)) புள்ளிகள்)))

90ங்கிறது எத்தனை முனை, அது புள்ளிகளை எண்ணித்தான் தெரியும், அதனால கான்ஸ். மத்த நாலும் மாறாதது, க்வோட். புள்ளிகள் எத்தனைன்னு முன்கூட்டியே தெரியாது, உண்மையான படுகைல நாலோட நிக்காது, ஆட்டோ லெவல் வச்சு எடுத்த ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி, அதனால மேப்கார், லாம்டான்னு எழுதின பேரில்லாத ஃபங்ஷனை ஒவ்வொரு புள்ளி மேலயும் ஓட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு 10 ஜோடி பண்ணுது, அப்பெண்ட் ரெண்டு லிஸ்டையும் நீளவாக்குல ஒட்டுது. இங்க அப்பெண்டுக்குப் பதிலா லிஸ்ட் போட்டா லிஸ்டுக்குள்ள லிஸ்டா ரெண்டு பொட்டலம் ஆயிடும், என்ட்மேக் வாங்காது.

லேயரை வச்சு பொருள்களைப் பிடிக்கிற எஸ்எஸ்கெட்லயும் இதே கதை. (எஸ்எஸ்கெட் "எக்ஸ்" '((8 . லேயர்பேரு))) போட்டா எஸ்எஸ்கெட் லிஸ்ட் சரியில்லைன்னு வரும், (லிஸ்ட் (கான்ஸ் 8 லேயர்பேரு)) போட்டா சரியாயிடும். டெக்ஸ்ட் மட்டும் வேணும்னா '((0 . "டெக்ஸ்ட்")) போதும், அதுல மாறுறது ஒண்ணும் இல்லை.

இதையெல்லாம் படிச்சுட்டு க்வோட்டே வேண்டாம், எங்கயும் லிஸ்டே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிடாதீங்க. பேரே வேணுங்கிற இடம் நிறைய இருக்கு. கல்லணைல இருந்து தண்ணி பிரியுற நாலு வழியை '(காவிரி வெண்ணாறு புதுஆறு கொள்ளிடம்)னு எழுதினா அங்க ஆத்தோட பேருதான் நமக்கு வேண்டிய டேட்டா, அதுக்கு மதிப்புன்னு ஒண்ணும் கிடையாது. நீடாமங்கலம் மூணாறு தலைப்புல பிரியுற கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறும் அப்படித்தான். லிஸ்ட்ஃபங்ஷன் போட்டா அந்தப் பேருல வேரியபிள் இருக்கான்னு தேடும், இல்லைன்னா ஆட்டோலிஸ்ப் எரர் கூடக் குடுக்காம (நில் நில் நில்) தந்துட்டுப் போயிடும். மதிப்பு குடுக்காத வேரியபிளுக்கு நில் தர்றது ஆட்டோலிஸ்ப்போட குணம், வேற லிஸ்ப்களான காமன் லிஸ்ப்லயோ, ஈமாக்ஸ்ங்கிற எடிட்டரோட லிஸ்ப்லயோ எரர் வரும், என்னைக் கேட்டா எரர் வர்றதுதான் நல்லது, எழுத்துப்பிழை இருந்தா அங்கயே பிடிபட்டுடும்.

அப்புறம் முடியுறப்ப சில வேரியபிள்களை காலி பண்ணணும்னா

(ஃபோர்ஈச் வே '(அகலம் ஆழம் சரிவு) (செட் வே நில்))

இங்க மதிப்பு வந்தா வேலை கெட்டுடும், 6.0க்கு நில் வைன்னு சொல்ல முடியாதே, பேருக்குத்தான் வைக்க முடியும். சிஸ்டம் வேரியபிளைப் பத்திரப்படுத்துறதும் இப்படித்தான், ஓஎஸ்மோட், சிஎம்டிஎக்கோ ரெண்டையும் மேற்கோள்குறி போட்டு ஒரு க்வோட் லிஸ்ட்ல வச்சுக்கிட்டு, மேப்கார் கெட்வார்னு பழைய மதிப்பை வாங்கி வச்சு, வேலை முடிஞ்சதும் மேப்கார் செட்வார்னு திருப்பிப் போடுறது. முனைல தானா ஒட்ட வைக்கிற ஓஎஸ்மோடை அணைக்காம கமாண்ட் வழியா கோடு போட்டா, புள்ளி லிஸ்ட் சரியா இருந்தாலும் பக்கத்துல இருக்கிற முனையைப் போய் ஒட்டிக்கும், குறுக்குவெட்டு கோணலா வரும், அதுக்கு லிஸ்ட் மேல பழி போடக் கூடாது.

குறுக்குவழி ஒண்ணு சிலர் சொல்லுவாங்க: க்வோட் லிஸ்டாவே வச்சுக்கிட்டு (மேப்கார் 'இவால் '(அகலம் ஆழம்)) போட்டுடு, மதிப்பு வந்துடும். ஆட்டோலிஸ்ப்ல வரும், அது உண்மை. ஏன் வருதுன்னா ஆட்டோலிஸ்ப் டைனமிக் ஸ்கோப், எந்த ஃபங்ஷன் ஓடிக்கிட்டு இருக்கோ அதோட வேரியபிள் பேரைச் சொன்னாலே கிடைக்கும். அதனாலதான் மேப்காருக்கு '(லாம்டா ...)ன்னு க்வோட் போட்டுக் குடுத்தாலும் உள்ள இருக்கிற வேரியபிளுக்கு மதிப்பு கிடைக்குது. ஒரு ஷீட்ல பல குறுக்குவெட்டை வரிசையா அடுக்க, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு வைங்க (கேடர்னா ரெண்டாவது எலிமெண்ட்):

(மேப்கார் '(லாம்டா (பு) (லிஸ்ட் (+ (கார் பு) தள்ளு) (கேடர் பு))) புள்ளிகள்)

தள்ளுங்கிறது க்வோட்டுக்குள்ளதான் இருக்கு, ஆனா மேப்கார் அந்த லிஸ்டை ஃபங்ஷனா எடுத்து ஓட்டுறப்ப தள்ளுவுக்கு மதிப்பு பாக்குது. க்வோட் நிறுத்தினது அந்த நேரத்துக்கு மட்டும்தான், அப்புறம் யாராவது எடுத்து ஓட்டினா ஓடும்.

இதையே பழக்கமா வச்சுக்கிட்டு வேற லிஸ்ப்புக்குப் போனா கால் வாரும். ஸ்கீம், காமன் லிஸ்ப் ரெண்டுலயும் லெக்ஸிகல் ஸ்கோப் (எழுதின இடத்தை வச்சுத்தான் பேருக்கு மதிப்பு கிடைக்கும்), ஈமாக்ஸ்லயும் 2012ல வந்த 24வது வெர்ஷன்ல இருந்து ஃபைலுக்கு ஃபைல் அது கிடைக்குது. அங்க லெட் வச்சுப் பண்ணின உள் வேரியபிள் இவாலோட கண்ணுக்குத் தெரியாது, அது வெளிய இருக்கிற அதே பேரைத் தேடிப் போகும். காமன் லிஸ்ப்ல க்வோட் போட்ட லாம்டா ஃபங்ஷனே கிடையாது, வெறும் லிஸ்ட், மேப்கார் ஏத்துக்காது. லிஸ்டும் கான்ஸும் மட்டும் இந்த லிஸ்ப்கள் எல்லாத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யும், அதனால நான் சொல்லிக் குடுக்குறப்ப இவால் பக்கமே கூட்டிட்டுப் போக மாட்டேன்.

அந்த லிஸ்ப்கள்ல நம்மகிட்ட இல்லாத ஒரு வசதி இருக்கு, பேக்-க்வோட். கீபோர்டுல 1க்கு இடது பக்கம் இருக்கிற சாய்ஞ்ச குறி. க்வோட் மாதிரியே எழுதினபடி குடுக்கும், ஆனா உள்ள கமா போட்ட இடத்துல மட்டும் மதிப்பு பாத்து வைக்கும்.

`(0.0 ,அகலம் ,(+ அகலம் விரிவு))

இது (0.0 6.0 8.25) ஆகும். கமாவும் ஆட்-குறியும் சேத்துப் போட்டா லிஸ்டைப் பிரிச்சு உள்ள கொட்டும், நாம அப்பெண்ட் வச்சு பண்ணின வேலை. இப்படி ஒரு அச்சுல நடுநடுவுல மட்டும் மாத்தி வைக்கிற யோசனை கம்ப்யூட்டர்ல பிறந்தது இல்லை, 1940ல க்வைன்ங்கிற தத்துவ அறிஞர் தர்க்கத்துக்காகக் கொண்டு வந்தது. லிஸ்ப்ல மேக்ரோ (ப்ரோக்ராமை எழுதித் தர்ற ப்ரோக்ராம்) எழுதுறதுக்கு இது உயிர்நாடி, பெரிய லிஸ்ட்ல ஒண்ணோ ரெண்டோ மட்டும் மாறுதுன்னா இதைவிட தெளிவா எழுத வழி கிடையாது. ஆட்டோலிஸ்ப் எக்ஸ்லிஸ்ப்ங்கிற இன்னொரு லிஸ்ப்ல இருந்து பிறந்தது, மேக்ரோவும் இல்லை, பேக்-க்வோட்டும் இல்லை, அதனாலதான் நமக்கு லிஸ்ட், கான்ஸ், அப்பெண்ட் மூணும் கைப்பழக்கமா ஆகணும்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். 2024 வெர்ஷன்ல இருந்து ஆட்டோகேட் எல்.டி.லயும் ஆட்டோலிஸ்ப் ஓடுது, அதனால எல்.டி. மட்டும் வாங்கி வச்சிருக்கிற சின்ன ஆபீஸ்லயும் இப்ப இதையெல்லாம் எழுதிப் பாக்கலாம்.

ஈமாக்ஸ் வச்சிருக்கிறவங்க இதை செட்டிங்ஸ் ஃபைல்ல பாத்திருப்பீங்க. பேக்கப் ஃபைல் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல போகணும்னு

(செட்க்யூ பேக்கப்-டைரக்டரி-அலிஸ்ட் '(("." . என்-ஃபோல்டர்)))

எழுதுவாங்க. ஃபோல்டர் பேரு இருக்க வேண்டிய இடத்துல என்-ஃபோல்டர்ங்கிற சிம்பல் போய் உக்காந்துக்கும், ஸ்ட்ரிங் வேணும்னு கத்தும். முன்னாடி பேக்-க்வோட், என்-ஃபோல்டருக்கு முன்னாடி ஒரு கமா, ரெண்டு எழுத்து மாத்தினா தீந்துச்சு. க்ளோஷர்ங்கிற லிஸ்ப் 2007ல வந்தது, அங்க கமாவை ரீடர் வெத்து இடமா எடுத்துக்கும், அதனால கமாவுக்குப் பதிலா அலைக்குறி. போக, அங்க சதுர அடைப்புல வெக்டர் இருக்கு, [அகலம் ஆழம்]னு எழுதினாலே மதிப்பு உள்ள போயிடும், பைத்தான்ல இருந்து போறவங்களுக்கு அது நிம்மதி.

க்வோட் லிஸ்ட் விஷயத்துல ஆட்டோலிஸ்ப்காரங்க பாத்தே இருக்க மாட்டாங்கன்னு சொல்லக்கூடியது இன்னொண்ணு இருக்கு. லிஸ்ட் ஃபங்ஷன் ஒவ்வொரு தடவை கூப்பிடுறப்பவும் புது லிஸ்ட் தரும், ஆனா க்வோட் தர்றது ரீடர் படிச்சப்ப பண்ணின அதே ஒரு லிஸ்டை, எத்தனை தடவை ஓடினாலும் அதையேதான். ஆட்டோலிஸ்ப்ல லிஸ்டை இருந்த இடத்துலயே மாத்துற ஃபங்ஷன் கிடையாது, வட்டத்தோட ஆரத்தை மாத்தணும்னாலும் சப்ஸ்ட் போட்டு ஒரு எலிமெண்ட் மட்டும் மாறின புது லிஸ்ட் வாங்கி, பொருளைத் திருத்துற என்ட்மாட்கிட்ட குடுக்கிறோம், அதனால பாதுகாப்பு. ஈமாக்ஸ்ல என்கான்க்னு ஒண்ணு இருக்கு, முதல் லிஸ்டோட கடைசி வலது கையை ரெண்டாவது லிஸ்டைப் பிடிக்க வச்சுடும், புதுசா எதையும் பண்ணாது.

(டிஃபன் சேரு (எக்ஸ்) (என்கான்க் '(தலைப்பு) எக்ஸ்))

முதல் தடவை (சேரு '(1 2)) கூப்பிட்டா (தலைப்பு 1 2). ரெண்டாவது தடவை (சேரு '(3 4)) கூப்பிட்டா (தலைப்பு 3 4) வராது, (தலைப்பு 1 2 3 4) வரும், ஏன்னா ஃபங்ஷனுக்குள்ள எழுதி வச்ச அந்த '(தலைப்பு) முதல் தடவையே நீண்டுபோச்சு, ப்ரோக்ராமே தன்னை மாத்திக்கிச்சு. காமன் லிஸ்ப், ஸ்கீம் ரெண்டோட ஸ்டாண்டர்டும் க்வோட் போட்டு எழுதின லிஸ்டை மாத்தக் கூடாதுன்னுதான் சொல்லுது, மாத்தினா என்ன ஆகும்னு எந்த உறுதியும் குடுக்கல. பேக்-க்வோட்லயும் கமா இல்லாத பகுதி அப்படியே பகிரப்படலாம், அதனால பின்னாடி மாத்தப் போற லிஸ்ட்னு தெரிஞ்சா உள்ள வேரியபிளே இல்லைன்னாலும் (லிஸ்ட் 'தலைப்பு)ன்னு எழுதுறதுதான் சரி, இல்லைன்னா என்கான்க்கை விட்டுட்டு அப்பெண்ட் போடுங்க, அப்பெண்ட் முதல் லிஸ்டை நகல் எடுத்துட்டுத்தான் ஒட்டும்.